மலையின் முகத்தில் சாத்திய கதவு

எரிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கத்தானியாவில் பட்டப்பெயர் இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். ஒன்று அவன் வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லை இன்னும் தொட்டிலில் கிடப்பான். சிரினோவுக்கு வாய்த்த பெயர் பூட்டு. மீன் சந்தையில் போய் சிரினோ எங்கே என்று கேட்டால், எந்தச் சிரினோ என்பார்கள். பூட்டுச் சிரினோ என்றால் கையிலிருக்கும் மீனைக் கீழே வைத்துவிட்டு வழி சொல்வார்கள், கூடவே கதையையும் சொல்வார்கள். பாதிப் பேர் அதைத் தப்பாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோயில்கள் வரிசையாக நிற்கும் சரிவுத் தெருவில் ஒரு பழைய மாளிகை. அதற்கு அவர் வாயிற்காவலர். காலையில் பெரிய கதவைத் திறப்பது, கறுப்புக்கல் பாவிய முற்றத்தைக் கூட்டுவது, மேல்மாடி அறைகளுக்கு வருகிற சுற்றுலாக்காரர்களின் பெட்டிகளைத் தூக்குவது, சாயங்காலம் கதவைச் சாத்துவது. கதவைப் பூட்டிப் பெயர் கெட்ட மனிதருக்குக் கதவு திறக்கிற உத்தியோகம். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் அந்தத் தெருவில் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை. "சம்பளம் நீயா குடுக்குறே?" என்று கேட்டுவிட்டு மறுபடி கூட்ட ஆரம்பித்துவிடுவார்.

பெட்டியோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். மலை வெடிக்குமா?

"வெடிக்காம? அவளும் மூச்சு விட வேண்டாமா?" என்பார் சிரினோ.

"அப்போ எங்களுக்கு ஆபத்தா?"

"நீங்க மூணாவது மாடிதானே. முதல்ல எங்களைத்தான் வந்து பாப்பா."

எங்களுக்கு மலை என்றால் அவள்தான். வரைபடம் வைத்திருப்பவர்கள்தான் அவளைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

சிரினோ பிறந்தது மேலே, அவளுடைய மடியில். அப்பா யானோவுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம், அதன் நடுவில் ஒரு வீடு. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். சிரினோவும் தங்கை வெனெராவும் அப்பாவோடு இருந்தார்கள். சிரினோ மீசை வைத்து, தின்தாராவைக் கட்டிக்கொள்ளப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில் மலை பக்கவாட்டில் கிழிந்தது. நெருப்புக் குழம்பு கீழே இறங்கியது. அது ஓடி வராது. கிழவி சந்தைக்குப் போகிற மாதிரி நின்று நின்று வரும். அதனால் சாமான்களை எடுக்க நேரம் இருக்கும். கட்டில், பீரோ, கோழி என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். சில வீடுகளில் கதவு, ஜன்னல், கூரை ஓடு வரைக்கும் கழற்றினார்கள்.

ஆனால் யானோ பழைய ஆள். கதவைக் கழற்ற விடவில்லை. வீட்டைச் சுத்தமாகக் கூட்டினார். மேசைமேல் வெள்ளை விரிப்பு விரித்தார். ஒரு ரொட்டி, ஒரு புட்டி ஒயின், ஒரு கண்ணாடி டம்ளர் வைத்தார். வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நிலம் அவளுடையது, நாம் குடியிருக்கிறோம், சொந்தக்காரி வந்தால் உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். மரியாதை கண்டு அவள் திரும்பிப் போனாலும் போகலாம். போகாவிட்டாலும் அவளை அவமதித்ததாக இருக்காது.

வண்டி புறப்படுகிற நேரத்தில் மேல்சட்டையை மறந்துவிட்டேன் என்று சிரினோ திரும்பி ஓடினார். வாசல் ஓரத்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். வெளியே வந்தார். கதவை இழுத்தார். சாவியைத் திருப்பினார். அம்மா உயிரோடு இருந்தபோது தினமும் சொல்லி வளர்த்தது அது. வெளியே போனால் பூட்டிட்டுப் போ. கை அதன் வேலையைச் செய்தது, தலைக்கு அது தெரியவே இல்லை. பாதி வழியில் சட்டைப் பையில் கனமாக ஏதோ இடித்தபோதுதான் கையை விட்டுப் பார்த்தார், சாவி. திரும்பிப் போகப் போலீஸ்காரர்கள் விடவில்லை. வேறொருவனாக இருந்தால் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். சிரினோ அப்பாவிடம் போய் நீட்டினார்.

மலை அந்த வீட்டை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து வேலியோரம் வந்து நின்றுவிட்டது. அங்கேதான் எல்லாம் கெட்டது. இன்னும் பத்து வீடு போயிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"வந்தவ முகத்துல கதவைச் சாத்திட்டியேடா" என்றார் யானோ.

மகனிடம் அவர் பேசிய கடைசி முழு வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு ஆம், இல்லை, தள்ளிக்கோ. அடுத்த வருஷம் வெனெரா பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனபோது அவரும் கூடவே போனார். அங்கேயே இறந்தார். சிரினோவுக்குச் செய்தி வந்தது அடக்கம் முடிந்த பிறகு. வெனெராவிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் அச்சடித்த எழுத்துக்குக் கீழே அவள் பெயர் மட்டும் இருக்கும்.

அந்தச் சாவி இன்னும் இருக்கிறது. அவர் மனைவி தின்தாரா அதை வைத்துத்தான் பாதாம் உடைக்கிறாள். உலகத்தில் எந்தக் கதவையும் திறக்காத சாவி சும்மா ஏன் தொங்க வேண்டும் என்பது அவள் கட்சி.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன். பிப்ரவரி மாதம், எங்கள் ஊரைக் காக்கிற புனிதை ஆகத்தம்மாளின் திருவிழா. ஊரே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு தெருவில் நிற்கிற நேரம். ஆளுயர மெழுகுவர்த்திகள், வேட்டுச் சத்தம், காலுக்கடியில் உருகிய மெழுகு. இரண்டாம் நாள் காலை, கழுத்தில் மஞ்சள் துணி கட்டிய சுற்றுலாக் கூட்டம் ஒன்று மாளிகை முற்றத்துக்குள் வந்தது. படிக்கட்டு அழகு என்று அவ்வப்போது யாராவது கூட்டிவருவதுண்டு. வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில் என்னவோ சொல்ல, எல்லாரும் மேலே அண்ணாந்தார்கள். ஒருத்தி மட்டும் கீழே, கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நரைத்த தலை, கறுப்புக் கண்ணாடி. ஆனால் அவள் நடந்தபோது இடது தோள் கொஞ்சம் முன்னால் வந்தது. அம்மா அப்படித்தான் நடப்பாள். சிரினோவின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது.

அவள் அவரைப் பார்த்தாள். பார்த்தது நிச்சயம். உதடுகூட அசைந்தது. அதற்குள் மஞ்சள் துணிகள் வெளியே போக ஆரம்பித்தன. ஒவ்வொருவரும் அவரைக் கடக்கும்போது நன்றி சொல்லி 'மெர்ஸி' என்றார்கள். அவளும் 'மெர்ஸி' என்றாள். போய்விட்டாள்.

"உன் தங்கச்சி நம்ம வீட்டு முற்றத்தைச் சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கா" என்றாள் தின்தாரா, விஷயம் கேட்டதும் கூட்டத்தின் பின்னால் ஓடிப்போய்த் திரும்பி வந்து. "நம்மளையும் ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

"விடு."

"ஏன் விடணும்? எந்த ஹோட்டல்னு அந்த வழிகாட்டிப் பொண்ணுகிட்ட கேட்டுட்டேன். ஸ்டேஷன்கிட்ட. விழா முடிஞ்ச மறுநாள் கிளம்புறாங்களாம். போய்க் கூப்பிடு."

"சொந்த ஊருக்கு வந்து ஹோட்டல்ல தங்குறவளை நான் போய்க் கூப்பிடணுமா?"

"நீ கூப்பிடாததாலதானே அவ ஹோட்டல்ல தங்குறா."

"வர்றவளா இருந்தா வந்திருப்பா. என் மூஞ்சியை நேராப் பாத்துட்டுத்தானே போனா."

வெளியே ரோஷம் பேசினாரே தவிர, உள்ளே இருந்தது பயம்தான். தங்கை வாயிலிருந்தும் அப்பாவின் அந்த வார்த்தை வந்துவிட்டால்? சிரினோவுக்கு ஆசை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வெனெரா ஒரே ஒரு தடவை தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். அப்பாவின் வாயிலிருந்து வராமல் போன மன்னிப்பு அதில் கிடைத்துவிடும் என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தார். இப்போது அவள் வந்து, பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திருவிழாவின் கடைசி இரவு ஊரெல்லாம் தெருவில் இருந்தபோது சிரினோ கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். ஆகத்தம்மாளின் முகத்தைப் பார்க்காமல் அவர் விட்ட வருஷம் அது ஒன்றுதான்.

வேட்டுச் சத்தம் ஓய்ந்த பிறகும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் முற்றம் காணோம். பொடிமணல் மாதிரி கறுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. வானத்திலிருந்து இன்னும் சரசரவென்று விழுந்துகொண்டிருந்தது. ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். கீழே மெழுகு, மேலே சாம்பல். கார்கள் திருப்பத்தில் கிறீச்சிட்டன. வழக்கம்போல விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

தின்தாரா காபியைக் குடித்தாள். தலையில் துணியைக் கட்டினாள். குடையை எடுத்தாள்.

"எங்கே?" என்றார் சிரினோ.

"ரொட்டி வாங்க."

"ரொட்டி இருக்கே."

"அப்போ வேற ஏதாவது வாங்குறேன். நீ மத்தியானத்துக்குச் சமைச்சு வை. மூணு பேருக்கு."

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் போகாமல் இருந்துவிடுவாளோ என்று பயந்திருப்பார் என்பது என் கணிப்பு. வாயிற்கதவை ஒட்டிய அவர்கள் வீட்டில் சமையலறையும் சாப்பாட்டு அறையும் ஒன்றுதான். அவர் கொத்தவரை மாதிரி மெலிந்த காட்டுக்கீரையை வதக்கினார். மலைச்சரிவில் தானாக முளைக்கிற கசப்புக் கீரை, சின்ன வயசில் வெனெரா மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றது. கூடப் பன்றித் தொத்திறைச்சி. தாமரை மொட்டு மாதிரி இருக்கிற கூனைப்பூக்களை அடுப்புக் கரியில் புதைத்தார். கல்யாணத்துக்கு வந்த வெள்ளை விரிப்பைத் தேடி எடுத்து மேசையில் விரித்தார். ரொட்டியை நடுவில் வைத்தார். ஒயின் புட்டியை வைத்தார். டம்ளரை வைத்தார். வாசல் கதவைத் திறந்து வைத்தார்.

அப்புறம்தான் ஒரு எட்டுப் பின்னால் வந்து பார்த்தார். அப்பா அன்றைக்கு வைத்த அதே மேசை. கலைத்துவிட்டு வேறு மாதிரி வைக்கலாமா என்று யோசித்தார். ஒயினை அடுப்புப் பக்கம் நகர்த்தினார். திரும்பவும் எடுத்த இடத்திலேயே வைத்தார். திறந்த கதவு வழியாகச் சாம்பல் உள்ளே வந்து விரிப்பில் புள்ளி புள்ளியாக உட்கார்ந்தது.

தின்தாரா வந்தபோது அவள் கையில் பெரிய பெட்டி ஒன்று இருந்தது. அவளுக்குப் பின்னால், மஞ்சள் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு, பெட்டியைப் பறிகொடுத்தவளாக வெனெரா.

"நான் கூப்பிடல" என்றாள் தின்தாரா. "பெட்டியைத் தூக்கிட்டு நடந்தேன். பின்னாலயே வந்துட்டா. ஹோட்டல்ல ரூமை வேற ஆளுக்குக் குடுத்துட்டானாம். பிளேன் இல்ல, பஸ்ல மெஸ்ஸினா ஊருக்கு அனுப்புறேன்னு அங்கே ஒருத்தன் கத்திட்டிருக்கான். ஒரு பெட்டியை இப்படியா அடைப்பாங்க? உள்ளே மலையையே வெச்சிருக்கியா, வெனெரா?"

வெனெரா உள்ளே வந்தாள். வெளியே சாம்பல் கொட்டுகிறது அல்லவா? அவள் கை பின்னால் போய்க் கதவை இழுத்தது. சாவியைத் திருப்பியது. 'டக்' என்ற சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது.

மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"அம்மா" என்றாள் வெனெரா மெதுவாக.

"ஆமா. அம்மாதான்" என்றார் சிரினோ. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருஷமாக யார் யாரிடமோ விளக்க முயன்று முடியாமல் போன விஷயத்தை அவள் கை ஒரு நொடியில் விளக்கிவிட்டது. "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, வெனெரா. சத்தியமாத் தெரிஞ்சு செய்யல."

"தெரியும், அண்ணா. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் மேசையைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு, ரொட்டி, ஒயின். பக்கத்துத் தட்டில் பாதாம் ஓடுகளுக்கு நடுவே அந்த இரும்புச் சாவி. நாற்காலியை அவர் இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. சிரினோவின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. உட்கார மாட்டாள், அதுதான் விஷயம் என்று நினைத்தார்.

"சாப்பிட மாட்டியா?"

"ஒண்ணு சொல்லணும். அதைக் கேட்டப்புறம் சாப்பாடு போடுறதும் போடாததும் உன் இஷ்டம்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "முந்தாநாள் இந்த முற்றம் எங்க சுத்துலயே இல்ல. நான்தான் அந்தப் பொண்ணுகிட்டக் கெஞ்சிக் கூட்டிவரச் சொன்னேன். தனியா வரத் தைரியம் இல்ல. கூட்டத்தோட வந்தா சொல்லிடலாம்னு நினைச்சேன். முடியல."

"என்ன சொல்லணும்?"

"நீ கதவைப் பூட்டினப்போ உள்ளே மேசையில ஒண்ணுமே இல்ல, அண்ணா. ரொட்டியும் இல்ல, ஒயினும் இல்ல. நான் எடுத்துட்டேன்."

தின்தாரா பெட்டியை அப்போதுதான் கீழே வைத்தாள்.

"முந்தின நாள்லேருந்து யாரும் சாப்பிடல. எனக்குப் பசி. பயம் வேற. மலை ரொட்டி திங்குமா, ஒயின் குடிக்குமான்னு நினைச்சேன். எடுத்துட்டுப் போய் வண்டிக்குப் பின்னால உக்காந்து முழுசாத் தின்னேன். புட்டியையும் காலி பண்ணேன். அப்புறம் வீடு போச்சு. அப்பா உன்னைத் திட்டினார். நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அப்பா லியேஜ் வந்தும் உன்னைத்தான் திட்டுவார். திட்டத் திட்ட எனக்கு வாய் இன்னும் பூட்டிக்கிச்சு. உனக்கு ஒரு கடுதாசி எழுத உக்காந்தா முதல் வரியே இதாத்தான் இருக்கணும். அதான் பேரை மட்டும் எழுதினேன்."

சிரினோ அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வந்தது. வராமல் இருக்குமா? மகனோடு பேசாமலே செத்துப்போன அப்பா, சந்தையில் பூட்டு பூட்டு என்று கூப்பிட்ட குரல்கள், அச்சடித்த வாழ்த்து அட்டைகள், எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தன. இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டு பாதியாகியிருக்கும். போ வெளியே என்று சொல்ல வாயெடுத்தார். திரும்பினார். அவள் உதைபடக் காத்திருக்கிற குழந்தை மாதிரி பெட்டியோரமாக நின்றாள். வண்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, நெருப்பைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை விழுங்கிய பெண்ணை அவர் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். அன்றைக்கு அந்தச் சாமான்களுக்கு நடுவில் அவள் சாப்பிட்டாளா என்று யாருமே கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அந்த ஒயின் எப்படி இருந்துது?" என்று கேட்டார் சிரினோ.

வெனெரா அவரை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை அந்த வீட்டில் யாரும் அழுததில்லை. தின்தாரா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவும் இதையேதான் கேட்டார்" என்றாள் வெனெரா, அழுகைக்கு நடுவில். "கடைசியா ஆஸ்பத்திரியில இருக்கும்போது சொல்லிட்டேன். ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தார். அடிக்கப்போறார்னு நினைச்சேன். 'ஒயின் எப்படி இருந்துது'ன்னு கேட்டார். அப்புறம், 'பையன்கிட்டச் சொல்லு, அவன் பூட்டினது வெறும் வீட்டை'ன்னார். அதை உங்கிட்டக் கொண்டுவந்து குடுக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிடுச்சு."

சிரினோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது அவளுக்காக இழுத்துப் போட்ட நாற்காலி. பையன்கிட்டச் சொல்லு. அப்பா தன்னைப் பையன் என்று சொல்லியிருக்கிறார். அதையே அவர் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் துடைக்கவில்லை.

"நீ என்ன சொன்னே அவர்கிட்ட?" என்று கேட்டார். "ஒயினைப் பத்தி."

"தேன் மாதிரி இருந்துதுன்னேன்."

"நிஜமா?"

"புளிச்ச காடி, அண்ணா. கண்ணை மூடிட்டு முழுங்கினேன்."

"அப்பா ஒயின் எந்த வருஷம் புளிக்காம இருந்துது?" என்றார் சிரினோ. "அதை மட்டும் மலை குடிச்சிருந்தா, வீட்டோட விட்டிருப்பாளா?"

முதலில் சிரித்தது தின்தாரா. அப்புறம் வெனெரா, மூக்கைச் சிந்திக்கொண்டே. சிரினோ எழுந்து கதவருகே போனார். வெனெராவின் சிரிப்பு நின்றது. அவர் சாவியைத் திருப்பினார், கதவை விரியத் திறந்தார், கூட்டுகிற துடைப்பத்தை அது மூடாதபடி முட்டுக் கொடுத்து வைத்தார். காற்றோடு சாம்பல் உள்ளே வந்தது.

"சாம்பல் வருதே, அண்ணா."

"வரட்டும். நீ உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவர் கசப்புக் கீரையைத் தட்டு நிறையப் போட்டார். அவள் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் தின்றாள், ரொட்டியைப் பிய்த்துத் துடைத்துத் தின்றாள். வெள்ளை விரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. கல்யாண விரிப்பில் ஒரு துளி எண்ணெய் பட்டாலே வீட்டை இரண்டாக்குகிற தின்தாரா அன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல், இன்னொரு டம்ளரை எடுத்துவந்து நாத்தனாருக்கு ஒயின் ஊற்றினாள்.